கல்லாப்பெட்டி: வாசகர் கேள்வி, வியாபாரியின் பதில்

கேள்வி: வீட்டிலேயே பருப்புப் பொடி, இட்லிப் பொடி அரைத்து விற்கிறேன். 200 கிராம் பாக்கெட் 100 ரூபாய், அடக்கம் 70. மாதம் 300 பாக்கெட் போகிறது. பக்கத்துத் தெருவில் புதிதாகக் கடை போட்டவர்கள் 20 சதவீதம் தள்ளுபடி, அடுத்த முறைக்குக் கூப்பன் என்று நோட்டீஸ் கொடுக்கிறார்கள். நாமும் கொடுத்தால்தான் நிற்க முடியும் என்கிறார் என் கணவர். கொடுக்கலாமா? – ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: உங்கள் வீட்டுக்காரரை முதலில் பேப்பர், பேனாவோடு உட்காரச் சொல்லுங்கம்மா. இப்போது பாக்கெட்டுக்கு 30 ரூபாய் நிற்கிறது, மாதம் 9,000. விலையை 80 ஆக்கினால் நிற்பது பத்தே ரூபாய். அதே 9,000 கைக்கு வர 900 பாக்கெட் ஓட்ட வேண்டும். மூன்று மடங்கு வறுவலுக்கு அடுப்படியில் அவரும் நிற்பாரா என்று கேட்டுவிடுங்கள்.

நான் ஜவுளிக்காரன், ஆடித் தள்ளுபடி போட்டுப் பழகியவன். ஆடியில் முகூர்த்தம் கிடையாது, கடை காற்று வாங்கும். தீபாவளிச் சரக்கு எடுக்கவோ பணம் வேண்டும். அதனால் தேங்கிய சரக்கைக் கழிக்கிறோம். உங்களிடம் என்ன தேங்கியிருக்கிறது? அரைப்பதெல்லாம் போய்விடுகிறதே!

இன்னொன்று, கொடுத்துப் பழக்கிவிட்டால் நிறுத்துவது கஷ்டம். அமெரிக்காவில் ஜேசி பென்னி என்று பெரிய துணிக்கடை நிறுவனம். கூப்பனை வெட்டிக்கொண்டு வரும் கூட்டம்தான் அவர்களுக்குச் சோறு போட்டது. ஆப்பிள் கடைகளை நடத்திப் பேர் வாங்கிய ரான் ஜான்சன் தலைமைக்கு வந்து, 2012-ல் கூப்பனையெல்லாம் எடுத்துவிட்டு, என்றைக்கும் ஒரே நியாய விலை என்றார். அந்த வருடமே விற்பனை கிட்டத்தட்ட கால்வாசி விழுந்தது. 2013 ஏப்ரலில் அவரை அனுப்பிவிட்டார்கள், கூப்பன் திரும்பி வந்துவிட்டது. நியாய விலை என்று அவர் சொன்னதில் தப்பில்லை. வந்த கூட்டம் சட்டைக்காக வரவில்லை, தள்ளுபடிக்காக வந்தது.

அதற்காக இலவசமே கூடாது என்பதில்லை. நம் கடலூரில் 1983-ல் 15,000 ரூபாயோடு ஆரம்பித்தது சிக் ஷாம்பு. காலி ஷாம்பு சாஷேக்களைக் கொண்டுவந்தால், எந்தக் கம்பெனியுடையதானாலும் சரி, ஒரு சிக் சாஷே இலவசம் என்றார்கள். அப்புறம் சிக் காலி சாஷேக்களுக்கு மட்டும்தான் என்று மாற்றினார்கள். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். முதலில் எதிராளியின் வாடிக்கையாளர் தலையில் தன் சரக்கைத் தேய்க்க வைத்தார்கள். பிறகு, பிடித்திருந்தால் காசு கொடுத்து வாங்கி வா என்றார்கள். விலையில் கை வைக்கவே இல்லை.

நீங்களும் அதைச் செய்யுங்கள். உங்கள் பக்கம் இட்லி மாவு விற்கிற கடை ஒன்றிரண்டு இருக்குமே? 20 கிராம் பொட்டலம் 200 கட்டி, மாவு வாங்குகிறவர்களுக்கு ஒன்று கொடுக்கச் சொல்லுங்கள். அன்று ராத்திரியே நல்லெண்ணெய் விட்டுக் குழைத்துத் தொட்டுப் பார்த்துவிடுவார்கள். பொடிக்கு ஆவது 1,400 ரூபாய், அதுவும் ஒரு தடவை. 20 சதவீதத் தள்ளுபடி இப்போதைய விற்பனையிலேயே மாதாமாதம் 6,000 தின்னும். பொட்டலத்தில் உங்கள் போன் நம்பரும் வறுத்த தேதியும் பெரிதாக இருக்கட்டும். போன வாரம் வறுத்த பொடி என்று தெரிந்தால் 20 ரூபாய் கூடக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். என் வீட்டில் ஒருத்தி இருக்கிறாள், பெருங்காயம் பத்தவில்லை என்றால் இலவசமாகக் கொடுத்தாலும் தொடமாட்டாள்.

கேள்வி: 300 ரூபாய் சட்டைக்கு 500 என்று அட்டை கட்டி, 40 சதவீதம் தள்ளுபடி என்று விற்கலாமா? எல்லாரும் செய்கிறார்களே? – ஒரு வாசகர், ஈரோடு

பதில்: வேண்டாம். ஒருநாளும் 500-க்கு விற்காத சட்டைக்கு அந்த விலையைக் காட்டுவது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ஏமாற்று. தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் வரை அபராதம் போட இடம் இருக்கிறது. 300 என்றே அட்டை கட்டுங்கள், காலர் சாயம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.