அடுப்படி வெயில் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். மொட்டை மாடியில் தூங்கிய கோடைகளைப் பற்றிப் போன வாரம் நீங்கள் எழுதியதைப் படித்தேன். தண்ணீர் தெளித்த தளம், வரிசையாகப் பாய், சித்தப்பா சொன்ன பேய்க்கதை எல்லாம் அழகாகத்தான் இருந்தது. ஆனால் அதை என் மாமனாரும் படித்துவிட்டார். "பாத்தியாம்மா, ஏசி இல்லாமத்தான் எல்லாரும் வளந்தோம்" என்று ஃபோனை என்னிடம் நீட்டினார். அதனால்தான் இந்தக் கடிதம்.

நாங்கள் காட்பாடியில் இருக்கிறோம். சொந்த வீடு, மேலே மாடி எடுக்கவில்லை. நாள் முழுக்கத் தளத்தில் வெயில்தான். கத்திரி தொடங்கும் முன்பே டிவியில் 'வேலூரில் 106 டிகிரி' என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். வீட்டில் ஒரே ஒரு ஏசி. நான், கணவர், இரண்டு பிள்ளைகள் அந்த அறையில் படுக்கிறோம். மாமனாருக்கு 76 வயது, பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறார். அவர் மட்டும் ஹாலில் நாடாக் கட்டிலில் படுக்கிறார். "வேலூர்ல பொறந்தவனுக்கு வெயில் என்ன புதுசா? ஏசி காத்து எனக்கு ஒத்துக்காது" என்கிறார். போன செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் பாத்ரூம் போக எழுந்தவர், தலை சுற்றி கதவைப் பிடித்தபடியே கீழே உட்கார்ந்துவிட்டார். அன்று இரவும் உள்ளே வந்து படுக்கவில்லை. நான் கொஞ்சம் சத்தம் போட்டுவிட்டேன். இரண்டு நாளாக என்னோடு பேச்சு இல்லை. கணவர் "விடு, அவர் அப்படித்தான்" என்கிறார்.

மூன்று வேளையும் அடுப்படியில் நின்றுவிட்டு வந்து சண்டை போடவும் எனக்குத் தெம்பில்லை. நான் செய்தது தப்பா? அந்தக் காலத்து வெயிலும் இப்போதைய வெயிலும் ஒன்றுதானா? நீங்கள் எழுதினால் அவர் படிப்பார்.

ச., காட்பாடி

*

அன்புள்ள ச.,

தப்பில்லை. தலை சுற்றி விழப்போன ஒருவரை அதே ஹாலில் மறுபடி படுக்கவிட மனசு கேட்காமல்தான் சத்தம் போட்டிருக்கிறீர்கள். அதை அவரும் உள்ளுக்குள் அறிவார்.

உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு என் கட்டுரையை எடுத்து இன்னொரு முறை படித்தேன். பாய் இருக்கிறது, சித்தப்பா இருக்கிறார், பானைத் தண்ணீர்கூட இருக்கிறது. அம்மா இல்லை. மறந்துபோய் விட்டதில்லை. என் நினைவில் அவள் மாடிக்கு வரவே இல்லை. சாயங்காலம் ஆறு மணிக்குக் கிணற்றில் தண்ணீர் இறைத்து, பத்துப் பன்னிரண்டு குடம் படியேற்றித் தளத்தில் ஊற்றியவள் அவள். முதல் குடத்தைச் சாய்த்ததும் தளம் சுர்ரென்று உறிஞ்சிக்கொள்ளும், சுண்ணாம்பும் செங்கல்லும் கலந்த ஒரு சூடான வாசனை எழும். நாங்கள் அந்த ஈரத்தில் வெறுங்காலோடு ஓடுவோம். அவள் கீழே இறங்கிப்போய் ராத்திரிச் சாப்பாடு, பாத்திரம், பாலுக்கு உறை, காலைக்கு வேண்டியது என்று எல்லாம் முடித்துவிட்டு மேலே வரும்போது கதை முடிந்து நாங்கள் தூங்கியிருப்போம். நான் 'குளிர்ந்த இரவுகள்' என்று எழுதியது அவள் சுமந்த தண்ணீரைத்தான்.

அதே அம்மாவை 2003-ல் நான் கிட்டத்தட்ட இழக்கப் பார்த்தேன். சென்னையில் மூன்றாவது மாடியில் வாடகைக்கு இருந்தோம். எங்கள் தலைக்கு மேல் தளம், அதற்கு மேல் சூரியன். அந்த வருஷம் சென்னையில் தண்ணீருக்கும் பஞ்சம். லாரி வந்தால் குடத்தோடு ஓட வேண்டும். பேத்தியைப் பார்த்துக்கொள்ள அம்மா வந்திருந்தாள், வயது 62. மே மாதக் கடைசியில் வெயில் 45 டிகிரிக்குப் போனது. நம் பேப்பர்கள் போடும் கணக்கில் 113.

அன்று காலை விடிவதற்கு முன்பே கூழ் கிளறி, "இந்த வெயிலை வீணாக்கலாமா" என்று மாடியில் பழைய வேட்டியை விரித்து வடாம் இட்டுவிட்டு வந்தாள். அப்புறம் பகல் சமையல். எங்கள் அடுப்படி ஆறடிக்கு எட்டடி. ஃபேன் கிடையாது. அடுப்படியில் ஃபேன் போட்டால் அடுப்பு அணைந்துவிடும் என்று எந்த வீட்டிலும் போடுவதில்லையே. காற்றடித்தால் தீ ஆடுகிறது என்று ஜன்னலையும் சாத்தியிருந்தாள். நாங்கள் மூன்று பேரும் ஹாலில் ஏர்கூலருக்கு முன்னால் உட்கார்ந்து, சாப்பாடு ஆகட்டும் என்று இருந்தோம். கரண்டி விழுந்த சத்தம் கேட்டு ஓடினேன். கீழே சாய்ந்து கிடந்தாள். நெற்றியில் கை வைத்தால் சுட்டது. சொட்டு வியர்வை இல்லை. என்னைப் பார்த்துப் பெரியம்மாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அந்த ஒரு சொல்லில்தான் எனக்குக் கைகால் உதறியது. இருந்த தண்ணீரையெல்லாம் அவள் மேல் ஊற்றி, ஈரத் துண்டைக் கழுத்திலும் அக்குளிலும் வைத்து, ஆட்டோவில் பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பிழைத்துக்கொண்டாள். சாயங்காலம் கண் தெளிந்ததும், "மாடியில வடாம் காயுது, எடுத்தீங்களா?" என்றாள். ஏறிப்போய்ப் பார்த்தேன். இரண்டு நாள் காய வேண்டியது ஒரே பகலில் சருகாகி, தொட்டதும் வேட்டியிலிருந்து பொலபொலவென்று உதிர்ந்தது.

அதே 2003 ஆகஸ்டில் பிரான்ஸ் நாட்டில் வெப்ப அலை வீசி ஏறக்குறைய 15,000 பேர் இறந்தார்கள். பெரும்பாலானோர் 75 வயதைத் தாண்டியவர்கள். பலர் வீட்டுக்குள்ளேயே, தனியாக இருந்தவர்கள். அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு உறைத்தது இதுதான்: வெயில் தெருவில் மட்டும் ஆளை அடிப்பதில்லை. சாத்திய வீட்டுக்குள், பகலெல்லாம் சூடு ஏறிய சுவருக்கு நடுவில், ராத்திரியிலும் அடிக்கிறது. "எனக்கு ஒண்ணுமில்ல" என்று சொல்பவரைத்தான் முதலில் அடிக்கிறது.

இனி உங்கள் மாமனாருக்கு. அவர் படிப்பார் என்று சொன்னதால் நேராகவே பேசிவிடுகிறேன்.

ஐயா, வணக்கம். என் கட்டுரையை நீங்கள் படித்தது எனக்குச் சந்தோஷம். ஆனால் அதில் பாதிதான் இருந்தது, மீதியை இப்போது சொல்லியிருக்கிறேன். நீங்கள் வளர்ந்த காலத்திலும் வேலூர் வெயில் வேலூர் வெயில்தான், இல்லை என்று யார் சொல்வது? சுற்றிலும் பாறை மலை, கடல் காற்று எட்டாத தூரம். ஆனால் அன்றைக்கு உங்கள் தலைக்கு மேல் என்ன இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். நாட்டு ஓடு என்றால் ஓட்டிடுக்கு வழியாகச் சூடு மேலே போய்விடும், பொழுது சாய்ந்ததும் ஓடு ஆறிவிடும். கான்கிரீட் அப்படி இல்லை. பகல் முழுக்கக் குடித்த சூட்டை ராத்திரி எட்டு மணிக்கு மேல்தான் கீழே இறக்க ஆரம்பிக்கும். நீங்கள் ஹாலில் படுக்கப் போகும் நேரம் அது. உடம்புச் சூடு 98.6. பகலில் வெளியே 106 என்றால் ஃபேன் வீசுவது அனலைத்தான். வியர்வை காய்வதால்தான் உடம்பு குளிர்கிறது. வயதாக ஆக வியர்ப்பதும் குறைகிறது, தாகம் எடுப்பதும் குறைகிறது. உடம்பு தண்ணீர் கேட்காததால் வேண்டாம் என்று ஆகிவிடாது. ராத்திரி எழுந்திருக்க வேண்டியிருக்குமே என்று சாயங்காலத்துக்கு மேல் நீங்கள் தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறீர்களோ என்றும் எனக்கு ஒரு சந்தேகம். என் அப்பா அப்படித்தான் செய்தார். பிரஷர் மாத்திரைகளில் சில, உடம்பிலிருந்து நீரை வெளியேற்றுபவை. உங்களுடையது அந்த வகையா, இந்த வெயிலுக்கு அளவை மாற்ற வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். விடியற்காலையில் எழுந்ததும் தலை சுற்றியது சாதாரண விஷயம் இல்லை.

வெயில் இன்றைக்கு வெறும் பருவம் மட்டும் இல்லை, ஐயா. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசே வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதில் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்று ஆணை போட்டிருக்கிறது. புயலுக்கு இடம் மாறிப் படுப்பதை யாரும் கௌரவக் குறைச்சலாக நினைப்பதில்லை. இதுவும் அப்படித்தான்.

'ஏசி ஒத்துக்காது' என்பதைப் பற்றி ஒன்று. என் அப்பாவும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு நாள் அவர் தலையணை உறையை மாற்றும்போது அடியில் ஒரு காலண்டர் தாள் கிடைத்தது. கிழித்த நாள் தாளின் பின்பக்கம் பென்சிலால் கணக்கு. மணிக்கு 1 யூனிட், ராத்திரிக்கு 8, அறுபது நாளுக்கு 480. அதன் கீழே மற்ற செலவைக் கூட்டி, 500-ஐத் தாண்டும் இடத்தில் இரண்டு கோடு போட்டிருந்தார். இரண்டு மாதத்தில் ஐந்நூறைத் தாண்டினால் யூனிட் விலையே மாறி ஈபி பில் எகிறும் என்பது நம் எல்லா வீட்டுப் பெரியவர்களுக்கும் மனப்பாடம். மகன் சம்பளத்தில் தன்னால் ஒரு ரூபாய் கூடிவிடக் கூடாது என்ற எண்ணத்தை அவர் வாய்விட்டுச் சொன்னதே இல்லை. ஒத்துக்காது என்று மட்டும் சொன்னார். உங்களுக்கும் அந்த எண்ணம் ஒரு மூலையில் இருந்தால், இதைக் கேளுங்கள்: அந்த ஏசி எப்படியும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அதே அறையில் நீங்களும் படுத்தால் மீட்டர் பெரிதாக ஒன்றும் கூடிவிடாது. நிஜமாகவே மூட்டு பிடிக்கிறது என்றால் 27-ல் வைத்து, ஃபேனை மெல்லச் சுற்றவிட்டு, காற்று நேராக மேலே படாத மூலையில் கட்டிலைப் போடச் சொல்லுங்கள்.

சரி, மறுபடி உங்களிடம் வருகிறேன், ச.

மாமனாரைப் பற்றி அத்தனை வரி எழுதிய நீங்கள், உங்களைப் பற்றி ஒரே ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். மூன்று வேளையும் அடுப்படியில் நிற்பதாக. அதையும் சண்டை போடத் தெம்பில்லை என்பதற்குக் காரணமாகச் சொல்லி, அப்படியே கடந்துபோய்விட்டீர்கள். எனக்கு அந்த இடத்தில்தான் மனசு நின்றது. ஹாலில் படுக்கும் அவரைவிடச் சூடான இடத்தில் தினமும் மணிக்கணக்காக நிற்பது நீங்கள்.

தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் வெப்ப அலைக்கென்று கொடுத்திருக்கும் அறிவுரைகளில், உச்சி வெயில் நேரத்தில் சமைக்காதீர்கள், சமைக்கும் இடத்தில் கதவு ஜன்னலைத் திறந்துவையுங்கள் என்றும் இருக்கிறது. இளநீர் குடியுங்கள், தர்பூசணி சாப்பிடுங்கள், குடை எடுத்துப் போங்கள் என்பதெல்லாம் டிவியில் வருகிறது. இந்த ஒரு வரியை நான் டிவியில் பார்த்ததே இல்லை. அதனால் இதை உங்கள் கணவரிடம் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். "விடு, அவர் அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு ஏசி அறைக்குள் போய்விட முடிகிறவர் அந்த வீட்டில் அவர் ஒருவர்தான். அப்பாவிடம் பேச வேண்டியவரும் அவர்தான், மருமகள் இல்லை. கட்டிலின் ஒரு பக்கத்தைப் பிடித்து உள்ளே கொண்டுபோட வேண்டியவரும் அவர்தான்.

இந்த ஒரு மாதத்துக்கு அடுப்பைக் காலை ஏழு, ஏழரைக்குள் அணைத்துவிடப் பாருங்கள். வேலூர் பக்கத்தில் கூழுக்கா பஞ்சம்? முந்தின ராத்திரி கரைத்து வைத்த கேழ்வரகுக் கூழில் மோர் விட்டு, சின்ன வெங்காயமும் மோர் மிளகாயும் வைத்தால் மாமனாருக்குப் பகல் சாப்பாடே அதுதான். ஆசையாகச் சாப்பிடுவார், தண்ணீரும் உப்பும் தானாக உள்ளே போகும். பிள்ளைகளுக்குத் தயிர் சாதமும் மாங்காயும் போதும். ராத்திரிக்குச் சப்பாத்தி வேண்டாம். கல் முன்னால் நின்று பதினைந்து சப்பாத்தி போடுவதைப் போலச் சூடு வேறில்லை. அப்படிக் கட்டாயம் வேண்டும் என்பவர் வந்து போடட்டும். தளத்தில் வெள்ளையடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும், சுண்ணாம்பு பெரிய செலவில்லை. கீழே வித்தியாசம் தெரியும்.

யாருக்காவது உடம்பு கொதித்து, பேச்சு குழறினால் காத்திருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிட்டுவிட்டு உடம்பெல்லாம் நனையுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். இது உங்களுக்கும் சேர்த்துத்தான்.

மாமனாரோடு பேச்சை நீங்களே தொடங்குங்கள். நீங்கள் கூப்பிட்டால் வீம்பு வரும், சின்னப் பிள்ளை கூப்பிட்டால் வராது. "தாத்தா பக்கத்துலதான் படுப்பேன்" என்று அது கேட்கட்டும். நாடாக் கட்டில் ஆறடிக்கு மூன்றடி இருக்கும். பீரோவைக் கொஞ்சம் தள்ளினால் இடம் வருமா என்று இன்றைக்கே அளந்து பாருங்கள்.

மொட்டை மாடிக் கட்டுரையில் அம்மா தண்ணீர் சுமந்ததைச் சேர்த்து எழுதிவிட்டேன். ஐயாவிடம் அதையும் காட்டுங்கள்.

அன்புடன்,
அக்கா