தூரத்தைக் கேட்காதீர்கள், படிகளைக் கேளுங்கள்: முழங்கால் வலியோடு டுப்ரோவ்னிக் போகலாமா?

வாசகர் கேள்வி: "மியூனிக்கில் வேலை பார்க்கிறேன். ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்திருக்கிறார்கள். இருவருக்கும் ஒருமுறை நுழைவுக்கான ஷெங்கன் விசா. செப்டம்பரில் க்ரொயேஷியாவுக்குப் போய், ஸ்ப்லிட் நகரிலிருந்து பஸ்ஸில் டுப்ரோவ்னிக் சென்று இரண்டு நாள் தங்க நினைக்கிறோம். அம்மாவுக்கு 67 வயது, இரண்டு முழங்காலிலும் தேய்மானம். சமதளத்தில் அரை மணி நேரம் நடப்பார். படி ஏறுவதுதான் சிரமம். கோட்டை மதிலுக்கு உள்ளேயே, 'பிரதான வீதியிலிருந்து இரண்டே நிமிட நடை' என்று ஓர் அறை பார்த்து வைத்திருக்கிறேன். பதிவு செய்துவிடலாமா? அங்கிருந்து ஒரு நாள் மான்டிநெக்ரோவில் உள்ள கோட்டோருக்கும் போய்வர ஆசை."

அம்மாவை அழைத்துக்கொண்டு தாராளமாகப் போங்கள். அந்த அறையை மட்டும் இன்னும் பதிவு செய்யாதீர்கள்.

இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து, தண்ணீர் ஏந்துவதுபோல் குவித்துப் பாருங்கள். டுப்ரோவ்னிக்கின் பழைய நகரம் அந்த வடிவத்தில்தான் இருக்கிறது. நடுவில் கைகள் சேரும் கோடு, ஸ்த்ராதூன் என்னும் பிரதான வீதி. நீளம் சுமார் 300 மீட்டர், மேசைப் பலகைபோல் சமதளம். அது ஒரு காலத்தில் கடல். தெற்கே பாறைத்தீவில் ஒரு குடியிருப்பு, வடக்கே மலையடியில் இன்னொன்று, நடுவே கால்வாய்போல் கடல்நீர் என்றிருந்த இடத்தைத் தூர்த்துதான் இந்த வீதியை உண்டாக்கினார்கள். ஆகவே கடல் இருந்த இடம் சமதளம், கரை இருந்த இடமெல்லாம் ஏற்றம். வடக்குப் பக்கச் சந்துகள் அனைத்தும் சிறிது தூரத்திலேயே படிக்கட்டாக மாறி மதில்வரை ஏறுகின்றன. தெற்கே கொஞ்சம் தாராளமாகச் சமதளம் கிடைக்கிறது. பிறகு அங்கும் ஏற்றம்தான்.

நான் முதல்முறை போனபோது, வீதியிலிருந்து நூறு மீட்டர் என்று சொல்லப்பட்ட ஒரு வீட்டில் அறை எடுத்தேன். நூறு மீட்டர் என்பது உண்மை. அவ்வளவும் படிகள். அதற்குமேல் வீட்டுக்குள் மூன்று மாடி, லிஃப்ட் கிடையாது. எனக்கு அப்போது முழங்கால் நன்றாக இருந்தது. பெட்டியைத் தூக்கியதில் தோள்தான் வலித்தது. உங்கள் அம்மா அந்த வீட்டுக்குப் போயிருந்தால், ஒருமுறை ஏறியபிறகு மறுநாள் காலைவரை கீழே இறங்கியே இருக்கமாட்டார்.

எனவே வீட்டுக்காரருக்கு இன்றே இரண்டு கேள்விகள் அனுப்புங்கள். ஸ்த்ராதூனிலிருந்து வீட்டு வாசல்வரை எத்தனை படி? வாசலிலிருந்து கட்டில்வரை எத்தனை படி? எண்ணிக்கையாகவே கேளுங்கள். "கொஞ்சம்தான்" என்று பதில் வந்தால் வேறு அறை பாருங்கள். மதிலுக்குள்தான் தங்க வேண்டும் என்றால், ஸ்த்ராதூனுக்குத் தெற்கே அதற்கு இணையாகச் செல்லும் ஓட் பூச்சா வீதியையும் குந்துலிச் சதுக்கத்தையும் ஒட்டித் தேடுங்கள். அங்கே தெரு சமதளம். அதிலும் தரைத்தளமோ முதல் மாடியோ கிடைத்தால் போதும். என்னைக் கேட்டால், உங்கள் குடும்பத்துக்கு லாபாத் விரிகுடாப் பக்கம்தான் நல்லது. அங்கே கடலோரத்தில் வாகனம் இல்லாத சமமான நடைபாதை இருக்கிறது, லிஃப்ட் உள்ள விடுதிகளும் உண்டு. 6ஆம் எண் நகரப் பஸ் அங்கிருந்து கோட்டையின் மேற்கு வாசல்வரை வரும். மதிலுக்கு வெளியே, ஸ்ர்ஜ் மலைச்சரிவில் "கோட்டையைப் பார்த்த பால்கனி" என்று விளம்பரமாகும் அறைகளை மட்டும் தவிருங்கள். அந்தக் காட்சிக்கு விலை படிகள்தான்.

அறையைவிட முக்கியமானது உங்கள் கேள்வியின் நடுவே நீங்கள் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப்போன "ஒருமுறை நுழைவு" என்ற விஷயம். டுப்ரோவ்னிக்குக்கு ரயில் கிடையாது. ஸ்ப்லிட்டிலிருந்து பஸ் ஏறத்தாழ நாலு, நாலரை மணி நேரம் ஓடும். வழியில் நேயும் என்ற ஊரில், கடற்கரையின் ஒரு துண்டு பொஸ்னியாவுக்குச் சொந்தம். சாலை அதைச் சுமார் 9 கிலோமீட்டருக்குள் கடந்துவிடும். ஆனால் ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டான ஷெங்கனில் க்ரொயேஷியா இருக்கிறது, பொஸ்னியா இல்லை. எல்லையில் வெளியேறியதாகப் பதிவான நொடியில் உங்கள் பெற்றோரின் விசா தீர்ந்துவிடும். மறுபக்கம் க்ரொயேஷியாவுக்குள் திரும்ப நுழைய வழியிருக்காது.

இந்தத் துண்டு நிலம் எப்படி வந்தது என்பதே ஒரு கதை. டுப்ரோவ்னிக் அன்று ராகூசா என்ற தனிக் குடியரசு. 1699இல் கார்லோவிட்ஸ் உடன்படிக்கை ஏற்பட்டபோது, வெனிஸ்காரர்கள் தங்கள் எல்லையை நெருங்கிவிடக் கூடாது என்பதற்காக, இடையில் இருக்கட்டும் என்று ராகூசாக்காரர்கள் நேயும் கரையை, அன்று பொஸ்னியாவை ஆண்ட ஒட்டோமான் பேரரசிடம் விட்டுக்கொடுத்தார்கள். அந்தக் கோடு இன்றும் அழியவில்லை.

தீர்வு இருக்கிறது. 2022 ஜூலையில் பெல்யேஷாத்ஸ் பாலம் திறக்கப்பட்டது, 2.4 கிலோமீட்டர் நீளம், நேயும் வழியைத் தொடாமல் க்ரொயேஷியாவுக்குள்ளேயே கொண்டுபோய்விடும். ஆனால் எல்லாப் பஸ்ஸும் பாலம் வழியே போகும் என்று எண்ணிவிடாதீர்கள். டிக்கெட் வாங்குமுன் "பாலம் வழியா, நேயும் வழியா?" என்று எழுத்தில் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள். தெளிவான பதில் வராவிட்டால் ஸ்ப்லிட்டிலிருந்து பருவகாலத்தில் ஓடும் விரைவுப் படகில் வாருங்கள். அது எந்த எல்லையையும் தாண்டாது. கோட்டோர் ஆசையை இந்தப் பயணத்தில் விட்டுவிடுங்கள். மான்டிநெக்ரோவும் ஷெங்கனுக்கு வெளியே இருக்கிறது; அதே சிக்கல்தான்.

பஸ்ஸானாலும் படகானாலும் நீங்கள் இறங்குவது க்ரூஜ் துறைமுகப் பகுதியில். வெளியூர்ப் பஸ்ஸில் அடியில் வைக்கும் பெட்டிக்குத் தனியே ஓரிரு யூரோ கேட்பார்கள். சில்லறை கையில் இருக்கட்டும். க்ரூஜிலிருந்து கோட்டைக்குச் சுமார் 3 கிலோமீட்டர். நகரப் பஸ் டிக்கெட்டை ஓட்டுநரிடம் வாங்குவதைவிடப் பத்திரிகைக் கடையில் வாங்கினால் விலை குறைவு. ஆனால் முதல் நாள், பெட்டிகளோடும் அம்மாவோடும், டாக்சியில் போவதே சரி.

எந்த வாசலில் இறங்குவது என்பதையும் யோசித்து வையுங்கள். மேற்கே பீலே வாசல். எல்லோரும் வந்து குவியும் இடம் அதுதான். வெளிவாசலுக்கும் உள்வாசலுக்கும் நடுவே படிக்கட்டு ஒருபுறம், வளைந்து இறங்கும் சரிவுப்பாதை ஒருபுறம் என்று பிரியும். கூட்டம் படிக்கட்டுப் பக்கம் தள்ளிக்கொண்டு போகும், நீங்கள் சரிவில் இறங்குங்கள். கிழக்கே ப்லோச்சே வாசல். அங்கிருந்து பெரும்பாலும் சரிவாகவே பழைய துறைமுகத்தின் பக்கம் இறங்கிவிடலாம், நெரிசலும் குறைவு. அம்மாவுக்கு ஏற்ற வாசல் இதுதான். வடக்கே பூஜா என்று மூன்றாவது வாசல் வரைபடத்தில் மிக அருகில் தெரியும். அதன் உள்ளே கால் வைத்தால் நேரே செங்குத்துப் படிக்கட்டு. அந்தப் பக்கமே போகாதீர்கள்.

செருப்பைப் பற்றி ஒரு வார்த்தை. ஸ்த்ராதூனில் பதித்திருக்கும் சுண்ணாம்புக்கல் நூற்றாண்டுக் கணக்காகக் கால்பட்டுக் கண்ணாடிபோல் வழவழப்பாகிவிட்டது. மழை பெய்தாலோ, காலையில் கழுவிவிட்டாலோ வழுக்கும். அம்மா வீட்டில் போடும் தட்டைச் செருப்பு வேண்டாம். பிடிமானமுள்ள ரப்பர் அடிப்பாகம் கொண்ட ஷூ கட்டாயம் வேண்டும்.

இனி மதில். சுற்றளவு 1,940 மீட்டர், சில இடங்களில் 25 மீட்டர் உயரம். மேலே ஏற லிஃப்ட் கிடையாது. ஏறிய பிறகும் நடை முழுக்க ஏறி இறங்கும் படிகள், நிழல் அரிது. அம்மா இதில் ஏறவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. பாதி வழியில் முடியவில்லை என்றால் நினைத்த இடத்தில் இறங்க முடியாது, ஒருவழிப்பாதை. நீங்களும் அப்பாவும் காலை எட்டு மணிக்குத் திறந்ததும் ப்லோச்சே பக்கமாக ஏறுங்கள். நடை இடஞ்சுழியாகச் செல்வதால், மிக உயரமான மின்செத்தா கோபுரத்தை வெயில் ஏறுமுன், கால் தளர்வதற்குமுன் தாண்டிவிடலாம். பிறகு கடலோர மதில் வழியே இறங்கி வரலாம். இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். கோடையில் மதில் டிக்கெட் மட்டுமே 35 யூரோவுக்குக் குறையாது. அதே விலையை ஒட்டி ஒருநாள் நகர பாஸ் கிடைக்கும். மதில், அருங்காட்சியகங்கள், நகரப் பஸ் எல்லாம் அதில் அடங்கும். மேலிருந்து கூரைகளைக் கவனியுங்கள். மங்கலான பழைய ஓடுகளுக்கு நடுவே பளிச்சென்ற சிவப்பு ஓடுகள் பரவிக் கிடக்கும். யுகோஸ்லாவ் படை நடத்திய 1991-92 முற்றுகையில் குண்டுவீச்சில் சிதைந்து, பிறகு வேய்ந்தவை அவை.

அந்த இரண்டு மணி நேரம் அம்மா என்ன செய்வார்? குந்துலிச் சதுக்கத்தில் காலைச் சந்தை கூடும். அத்திப்பழம், லாவண்டர் என்று விற்பார்கள், உட்கார இடமுண்டு. பீலே வாசலுக்கு உள்ளே ஒனோஃப்ரியோ நீரூற்று இருக்கிறது. 12 கிலோமீட்டர் தொலைவிலிருந்து கால்வாயில் தண்ணீர் கொண்டுவந்து 1438இல் கட்டியது, 16 குழாய்வாய்கள். அந்தத் தண்ணீரை இன்றும் குடிக்கலாம், பாட்டிலை அங்கேயே நிரப்பிக்கொள்ளுங்கள். சுற்றுலாக் கப்பல்களின் கூட்டம் காலை பத்திலிருந்து மாலை நாலுவரை நிறைந்திருக்கும். ஒரே நேரத்தில் இரு கப்பல்கள், 4,000 பயணிகள் என்று நகராட்சி வரம்பு வைத்திருந்தாலும், 300 மீட்டர் வீதிக்கு அதுவே அதிகம். அந்த நேரத்தில் அம்மாவை அறையில் ஓய்வெடுக்க வைப்பது நல்லது.

மதிலின் முழு உருவத்தை அவர் பார்க்காமல் திரும்ப வேண்டியதில்லை. பழைய துறைமுகத்திலிருந்து கோட்டையைச் சுற்றிக் காட்டும் படகுகள் கிளம்புகின்றன. ஏறும்போது படகுக்காரர் கைகொடுப்பார். ஸ்ர்ஜ் மலை உச்சிக்கு கேபிள் கார் போகிறது, சில நிமிடப் பயணம்தான், அங்கிருந்து ஊர் முழுவதும் கீழே விரியும். ஆனால் கேபிள் கார் நிலையம் மதிலுக்கு மேலே, வடக்குச் சரிவில் இருக்கிறது. பழைய நகரத்திலிருந்து நடந்தால் மறுபடியும் அதே படிகள். டாக்சியில் நேரே நிலைய வாசலில் இறங்குங்கள். காற்று பலமாக இருந்தால் ஓடாது என்பதால் கிளம்புமுன் விசாரித்துவிடுங்கள். மாலையில் துறைமுகத்தின் அலைதாங்கிச் சுவரான போர்போரேலாவுக்கு அழைத்துப் போங்கள். படி இல்லை, பெஞ்சுகள் இருக்கின்றன, மதில் தலைக்குமேல் நிற்கும், எதிரே லோக்ரும் தீவு. திரும்பும்போது ப்லோச்சே சரிவில் மெல்ல ஏறினால், வாசலுக்கு வெளியே டாக்சி நிற்கும் இடத்துக்கே வந்துவிடுவீர்கள்.