அந்த நாடாவை அவிழ்க்காதீர்கள்

கேள்வி: என் தாத்தா 1945இல் பர்மாவிலிருந்து கொண்டுவந்த ஜப்பானிய ராணுவ வாள் எங்களிடம் இருக்கிறது. கைப்பிடி நாடா ஓரிடத்தில் அறுந்து தொங்குகிறது. பித்தளைப் பாகங்கள் கறுத்துப்போய்ப் பச்சைக் களிம்பும் பிடித்திருக்கிறது. நாடாவைப் புதிதாகச் சுற்றி, முலாம் பூசித் தருகிறேன் என்கிறார் ஒருவர். கொடுக்கலாமா?

பதில்: தயவுசெய்து கொடுக்காதீர்கள். நீங்கள் அனுப்பிய படத்தில் பாகங்கள் மேல் செர்ரிப்பூக்கள் இருக்கின்றன, உறையில் தொங்குவளையம் ஒன்றுதான். 98ஆம் மாதிரி அதிகாரி வாளாகத்தான் தெரிகிறது. ஜப்பானியப் பேரரசு ஆண்டு 2598, அதாவது 1938இல் வந்தது என்பதால் அந்தப் பெயர்.

முதன்முதலில் என் கைக்கு வந்த வாளின் கைக்காப்புத் தட்டை (அதை 'சுபா' என்பார்கள்) பித்தளை பாலிஷ் போட்டுத் தேய்த்தேன். பத்தே நிமிடத்தில் பளபளத்தது. ஆனால் பூவிதழ்களில் மிச்சமிருந்த பொன்முலாம் துணியோடு வந்துவிட்டது, பள்ளங்களில் இருந்த கறுப்புப் பூச்சும் போய்விட்டது. அது இன்றுவரை எனக்கு ஆறவில்லை.

நாடாவின் கீழே இருப்பது திருக்கை மீன் தோல். தோலுக்கும் நாடாவுக்கும் நடுவே 'மெனுகி' என்ற சின்ன உலோக அலங்காரம் இருக்கும். பிரித்துச் சுற்றினால் பழைய நாடா ஒழிந்தது, பழைய சுற்றின் இறுக்கமும் போனது. அறுந்த முனையை அதே நிறப் பருத்தி நூலால் லேசாகக் கட்டி நிறுத்துங்கள், போதும். பசை வேண்டாம். குஞ்சம் இருந்தால் துவைக்காதீர்கள். பழுப்போடு நீலம் என்றால் கேப்டன் வரையிலான இளநிலை அதிகாரி, பழுப்போடு சிவப்பு என்றால் மேஜர் முதல் கர்னல் வரை. சாயம் கரைந்தால் அந்த அடையாளமும் போகும்.

களிம்புக்கு மூங்கில் குச்சியைச் சீவிக்கொண்டு மெதுவாகச் சுரண்டி எடுங்கள். இரும்புக் கம்பி, அமிலம், பாலிஷ் எதுவும் படக்கூடாது. பிறகு மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகு ஒரு மெல்லிய பூச்சு போதும்.

பிடியைக் கழற்ற வேண்டியிருந்தால், குறுக்கே செருகியிருக்கும் 'மெகுகி' ஆணியை மெல்லிய முனைப் பக்கமிருந்து மரக்குச்சியால் தள்ளுங்கள். அசையாவிட்டால் விட்டுவிடுங்கள், சம்மட்டி வேண்டாம். கழன்று வந்தால் தட்டின் இருபுறமும் 'செப்பா' வளையங்கள் அடுக்கடுக்காக வரும். எந்த வரிசையில் வந்தனவோ அதே வரிசையில் துணியில் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பல வாள்களில் செப்பாவிலும் சுபாவிலும் ஒரே எண் பொறித்திருப்பார்கள். அந்த எண்கள் ஒத்துப்போனால் இவை ஆரம்பத்திலிருந்தே ஒன்றாக இருந்தவை என்று நம்பலாம். முலாம் அதை மூடிவிடும்.

அப்புறம், பிடிக்குள் மறைந்திருக்கும் அடிப்பகுதியின் ('நாகாகோ') துருவைத் தொடவே தொடாதீர்கள். விஷயம் தெரிந்தவர்கள் வாளின் வயதை அந்தத் துருவின் நிறத்தைப் பார்த்துத்தான் கணிப்பார்கள். சில அதிகாரிகள் பரம்பரை வாளை ராணுவ உறையில் போட்டுக் கொண்டுபோனார்கள், உங்களுடையதும் அப்படி இருக்கலாம். அடிப்பகுதியில் வெள்ளையிலோ சிவப்பிலோ பெயின்ட் எண் தெரிந்தால் எண்ணெய்கூட வேண்டாம், அழிந்துவிடும்.

ஆணியை எடுக்க முடிந்தால் அடிப்பகுதியின் இருபக்கத்தையும் சாய்ந்த வெளிச்சத்தில் படமெடுத்து அனுப்புங்கள். வாளைச் செய்த கொல்லரின் கையெழுத்து இருக்கிறதா என்று நானே பார்த்துச் சொல்கிறேன்.