மீன் முறுக்கு எத்தனை நாள் தாங்கும்?

கடலூர் முதுநகரில் மீன் பலகாரம் போட்டு விற்கிறேன். பிள்ளைகளுக்காகக் காய், கீரை சேர்த்துச் செய்கிறவர்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள்.

அக்கா, கேரட் போட்ட மீன் முறுக்கு நாலே நாளில் நமுத்துவிடுகிறது. மீன்தான் காரணமா? (தேவனாம்பட்டினம்)

மீன் மேல் பழி போடாதீர்கள். கேரட்டில் நூற்றுக்கு 88 பங்கு தண்ணீர். பச்சையாகத் துருவிப் பிசைந்தால் மேலே சிவந்தாலும் உள்ளே ஈரம் நிற்கும். டப்பாவில் அடைத்ததும் அந்த ஈரம் மெல்லப் பரவி மொறுமொறுப்பைக் கெடுக்கும். கடற்காற்று வேறு இருக்கவே இருக்கிறது.

துருவலை ஆவியில் மூன்று நிமிடம் வைத்து, வெள்ளைத் துணியில் பரப்பி, இன்னொரு துணியால் மூடிக் காயவையுங்கள். வெயில் நேராகப் பட்டால் நிறம் வெளுக்கும். அந்த ஆரஞ்சு நிறம்தான் உடம்பில் வைட்டமின் ஏ ஆக மாறுகிறது, அதைத் தொலைத்துவிட்டு எதற்குக் கேரட்? கையில் நொறுங்கும் பதம் வந்ததும் பொடித்துக்கொள்ளுங்கள். மீனையும் வேகவைத்து, முள் எடுத்து, உதிர்த்து, வெறும் கடாயில் ஈரம் போக வறுத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். முறுக்கு ஆறிய பிறகு ஒன்றை ஒடித்துப் பாருங்கள். டக்கென்று ஒடிய வேண்டும். சூட்டோடு மூடினால் இவ்வளவு பாடும் வீண்.

நமுத்ததை மறுபடி சூடாக்கிக் கொடுக்கலாமா? (வில்லியனூர்)

நேற்றைய மழையில் நமுத்தது என்றால் கொடுக்கலாம். ஆனால் முகர்ந்து பாருங்கள். பழைய பெயின்ட் டப்பாவைத் திறந்த மாதிரி காறல் அடித்தால் கொட்டிவிடுங்கள். மீன் கொழுப்பு காற்றும் வெளிச்சமும் பட்டால் காறும், வறுத்தாலும் அது போகாது. கொழுப்பு அதிகமுள்ள மத்தி சீக்கிரம் காறும். நான் பலகாரத்துக்குக் கிழங்கான்தான் எடுப்பேன்.

கொஞ்சம் பழசான சூரை மலிவாகக் கிடைக்கிறது. பொரித்தால் சரியாகிவிடுமே?

ஆகாது. ஐஸ் இல்லாமல் கிடந்த சூரை, கானாங்கெளுத்தி, மத்தியில் ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருள் சேரும். சமைக்கிற சூட்டில் அது அழியாது. முகம் சிவக்கும், அரிக்கும், வாந்தி வரும்.

முருங்கைக்கீரை மீன் கட்லெட்?

அது ஈரப் பண்டம். செய்து இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்து, இரண்டு நாளில் தீர்த்துவிடுங்கள்.

எட்டு மாதப் பிள்ளைக்கு முறுக்கு கொடுக்கலாமா?

வேண்டாம், தொண்டையில் அடைக்கும். முள் எடுத்து வேகவைத்த மீனை மசித்து, உப்பில்லாமல் கஞ்சியில் கலந்து கொடுங்கள்.

எங்கள் குழுவில் விற்கப் போகிறோம். பாக்கெட்டில் எத்தனை நாள் என்று போடுவது? (கடலூர்)

பக்கத்துக் கடையின் பாக்கெட்டைப் பார்த்துப் போடாதீர்கள். ஒரே நாளில் சுட்டதில் பத்துப் பாக்கெட்டைக் கடை அலமாரியில் வைப்பது போலவே வைத்து, மூன்று நாளுக்கு ஒன்றாகத் திறந்து, ஒடித்து, முகர்ந்து, குறித்துவையுங்கள். முதல் குறை தெரிந்த நாளில் பாதியைத்தான் நான் போடுவேன். பூஞ்சையும் கிருமியும் நம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே ஆய்வகத்தில் தெரிந்துவிடும், அதனால் விற்பதற்கு முன் ஒரு முறை அங்கேயும் கொடுங்கள். கண்ணாடிப் பாக்கெட் அழகாக இருக்கும், வெளிச்சத்தையும் உள்ளே விடும். உள்ளே வெள்ளிநிறத் தாள் ஒட்டிய பை வாங்குங்கள், 50 கிராம் அளவில். திறந்தால் பிள்ளை ஒரே நாளில் தின்று முடிக்கட்டும்.