அக்சஸில் "பாதை செல்லாது" (பிழை 3044) வந்தால் என்ன செய்வது?

திருகோணமலையில் வலை, இயந்திர உதிரிப்பாகம் விற்கும் உங்கள் கடையில் கணினியை மாற்றியதும், மைக்ரோசாஃப்ட் அக்சஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் உள்ள இருப்புப் பதிவேட்டைத் திறந்தால் இந்தப் பிழை வருகிறது என்று கேட்டிருந்தீர்கள். பயப்படாதீர்கள், பெரும்பாலும் தரவு எங்கும் போயிருக்காது.

படிவங்கள் ஒரு பைலிலும் அட்டவணைகள் வேறொரு பைலிலும் இருந்தால், இணைத்த அட்டவணை ஒவ்வொன்றும் அந்தத் தரவு பைலின் முழுப் பாதையையும் எழுத்துக்கு எழுத்து நினைவில் வைத்திருக்கும். பழைய கணினியில் அந்தப் பாதை இசட் (Z) என்ற ட்ரைவ் எழுத்தில் தொடங்கியது. புதியதில் அந்த எழுத்தே இல்லையென்றால் அக்சஸ் எங்கே போய்த் தேடும்?

முதலில் இரண்டு பைலையும் பென் ட்ரைவில் பிரதி எடுங்கள். இதை மட்டும் தவறவிடாதீர்கள். பிறகு எக்ஸ்டேர்னல் டேட்டா பட்டியில் லிங்க்ட் டேபிள் மனேஜரைத் திறந்து, எல்லா அட்டவணைகளையும் தெரிவுசெய்து, தரவு பைல் இப்போது இருக்கும் இடத்தைக் காட்டுங்கள். அந்த இடத்தை ட்ரைவ் எழுத்தால் கொடுக்காமல், இரண்டு பின்சாய்கோட்டில் தொடங்கும் வலையமைப்புப் பாதையாக, அதாவது கணினியின் பெயர், பிறகு பகிர்ந்த போல்டரின் பெயர் என்று கொடுப்பதே என் பரிந்துரை. எந்த மேசையிலிருந்து திறந்தாலும் அது மாறாது.

அந்த போல்டரில் எழுதும் அனுமதியும் வேண்டும். அக்சஸ் அங்கே ஒரு பூட்டுப் பைலை உருவாக்கும். வாசிக்க மட்டும் விட்டால் பதிவு சேர்க்க முடியாது.

வி.பி.ஏ. (அக்சஸுக்குள்ளேயே எழுதும் நிரல்மொழி) நிரலுக்குள் பாதையை யாராவது நேரடியாக எழுதியிருந்தால், அதையும் தேடித் திருத்துங்கள்.