அந்த நான்கு பேரை ஒதுக்கிவிடலாமா?

கேள்வி: எங்கள் சபைக்கு இரண்டு வருடமாக இளைஞர்கள் நிறையப் பேர் வருகிறார்கள். ஆராதனை உற்சாகமாக இருக்கிறது. ஆனால் பழைய விசுவாசிகள் நான்கு பேர் எதற்கும் முட்டுக்கட்டை போடுகிறார்கள். நான்கு மாதத்துக்கு முன்பு ஞானஸ்நானம் எடுத்த தம்பி ஒருவர் அருமையாகப் பேசுகிறார். மாதம் ஒரு ஞாயிறு அவருக்குப் பிரசங்கம் கொடுக்கலாம் என்றால், "இன்னும் கொஞ்சம் பொறுங்கள்" என்கிறார்கள். இவர்களை ஒதுக்கி வைத்துவிட்டுச் சபை முன்னே போவதில் என்ன தவறு?

பதில்: சகோதரரே, உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். "எதற்கும் முட்டுக்கட்டை" என்று எழுதிவிட்டு, ஒரே ஒரு உதாரணம்தான் கொடுத்திருக்கிறீர்கள். அதிலும் அவர்கள் கூடாது என்று சொல்லவில்லை, பொறுங்கள் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள்.

சபையை நடத்தும் கண்காணியாக வைக்கப்படுகிறவன் "நூதன சீஷனாயிருக்கக்கூடாது" என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார் (1 தீமோ. 3:6). மூலமொழியாகிய கிரேக்கத்தில் அந்தச் சொல்லுக்குப் புதிதாக நட்டது என்று அர்த்தம். வேர் பிடிக்காத செடியில் பாரத்தைக் கட்டித் தொங்கவிட்டால் என்ன ஆகும்? மாதம் ஒரு பிரசங்கம் கண்காணிப் பொறுப்பு ஆகாதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவன் இறுமாப்படைந்து விழுந்துவிடக்கூடாது என்று பவுல் சொல்லும் காரணம் பிரசங்க பீடத்துக்கும் பொருந்துமே. அந்த நான்கு பேரும் ஒருவேளை தம்பிக்காகப் பயப்படுகிறார்களோ என்று நீங்கள் யோசித்துப் பார்த்தீர்களா?

பவுலே மனந்திரும்பிய கையோடு பிரசங்கித்தாரே என்று கேட்பீர்கள். உண்மைதான். ஆனால் அவர் கமாலியேல் என்ற பேர்பெற்ற யூத வேத போதகரின் பாதத்தில் வேதம் படித்து வளர்ந்தவர். அப்படிப்பட்டவர் எருசலேமுக்கு வந்தபோது, முன்பு சபையைத் துன்பப்படுத்தியவர் என்பதால் சீஷர்கள் பயந்து ஒதுங்கினார்கள். பர்னபா என்ற ஒரு முதிர்ந்த விசுவாசிதான் அவரைக் கைப்பிடித்து அப்போஸ்தலரிடம் கூட்டிக்கொண்டு போனார். அப்புறம் தர்சு வரைக்கும் தேடிப் போய் அவரை அந்தியோகியாவுக்கு அழைத்து வந்ததும் அதே பர்னபாதான். அங்கே இருவரும் ஒரு வருடம் முழுக்கச் சபையோடே கூடியிருந்து போதித்தார்கள். பவுலுக்கே பக்கத்தில் ஒரு ஆள் தேவைப்பட்டது.

முதிர்ந்த விசுவாசியால் சபைக்கு என்ன லாபம் என்பதை நான் ஒரு கூட்டத்தில்தான் கற்றுக்கொண்டேன். பல வருடங்களுக்கு முன்பு ஒரு சபையில் செயலாளராக இருந்தேன். காணிக்கைக் கணக்குப் பார்த்த சகோதரர் ஒருவர் பணத்தை எடுத்துவிட்டார். அன்று ராத்திரி குழு கூடியது. ஆளாளுக்குச் சத்தம். நீக்கிவிட வேண்டும், ஞாயிறன்றே அறிவிக்க வேண்டும் என்று பேசினோம். வயதான மூப்பர் ஒருவர் மட்டும் கணக்கு நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டிருந்தார். பிறகு விரலை ஒரு பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டார்: "பணம் குறைய ஆரம்பிச்சது இந்த மாசம். இதே மாசந்தானே அவருக்கு வேலை போச்சு? நம்மள்ல யார் அவர் வீட்டுக்குப் போனோம்?"

யாரும் போகவில்லை. நானும் போகவில்லை.

குற்றத்தை மூடி மறைக்கும்படி மூப்பர் சொன்னார் என்று நினைக்காதீர்கள். அந்தச் சகோதரர் சபைக்கு முன்னால் நின்று அறிக்கையிட்டார், பணத்தைத் தவணை தவணையாகத் திருப்பிக் கட்டினார், கணக்குப் பொறுப்பு அவருக்குத் திரும்பக் கிடைக்கவே இல்லை. ஆனால் அந்த வருடம் முழுவதும் ஒவ்வொரு சனிக்கிழமை சாயங்காலமும் மூப்பர் அவர் வீட்டுக்குப் போய் ஜெபித்துவிட்டு வந்தார். கடைசி வரைக்கும் அந்தக் குடும்பம் சபையை விட்டுப் போகவில்லை. எங்கள் கையில் விட்டிருந்தால் அந்த ஞாயிற்றுக்கிழமையோடு போயிருக்கும்.

ஒருவன் குற்றத்தில் அகப்பட்டால், "ஆவிக்குரியவர்களாகிய நீங்கள் சாந்தமுள்ள ஆவியோடே அப்படிப்பட்டவனைச் சீர்பொருந்தப்பண்ணுங்கள்" என்கிறது கலாத்தியர் 6:1. செபெதேயுவின் குமாரர் படவில் உட்கார்ந்து வலைகளைப் பழுதுபார்த்தார்களே, மத்தேயு 4:21, அங்கேயும் மூலமொழியில் இதே வினைச்சொல்தான். கிழிந்த வலையைக் கண்ணி கண்ணியாக முடிய பொறுமை வேண்டும், பழகிய விரல் வேண்டும். உங்கள் சபையில் யாராவது விழுகிற நாள் வரும். அன்றைக்கு இந்த வேலையை யார் செய்வார்கள்?

இன்னொன்றும் இருக்கிறது. "எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு" என்ற பிலிப்பியர் 4:13-ஐ எடுத்துக்கொண்டு, விசுவாசித்தால் குறைவே வராது என்று ஒருவர் முழங்கினால் கூட்டம் ஆமென் சொல்லும். வசனத்தில் தேறினவர் 12-ஆம் வசனத்தையும் வாசிக்கச் சொல்லுவார். பட்டினியாயிருக்கவும் குறைவுபடவும் கற்றுக்கொண்டேன் என்று பவுல் அங்கே சொல்லியிருக்கிறார். நன்மை தீமையைப் பகுத்தறியும் பயிற்சி என்று எபிரெயர் 5:14 சொல்வது இதைத்தான். அந்தப் பயிற்சி வர வருடங்கள் ஆகும்.

சரி, உங்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. வயது மட்டும் முதிர்ச்சி ஆகாது. காலத்தைப் பார்த்தால் போதகராயிருக்க வேண்டியவர்கள் இன்னும் பால் குடிக்கிறார்கள் என்று எபிரெயர் நிருபம் கண்டிப்பது நீண்டகால விசுவாசிகளைத்தான். கொரிந்து சபைக்கு வரங்களில் ஒரு குறைவும் இல்லை, ஆனாலும் பொறாமையும் வாக்குவாதமும் இருந்ததால் பவுல் அவர்களைக் குழந்தைகள் என்றார். உங்கள் நான்கு பேரில் யாராவது தன் இடம் போய்விடுமோ என்று பிடித்து வைத்திருந்தால், அவரைத் தனியே பார்த்து மரியாதையோடு சொல்லுங்கள். உண்மையில் முதிர்ந்தவராக இருந்தால் கேட்டுக்கொள்வார்.

அந்த நான்கு பேரிடமும் ஒன்று சொல்ல வேண்டும். பொறுங்கள் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடாதீர்கள். எபேசுவுக்கு அப்பொல்லோ என்ற பிரசங்கி வந்தபோது அவர் பேச்சில் வல்லவர், ஆனால் யோவான் ஸ்நானகனுடைய ஞானஸ்நானத்தை மாத்திரம் அறிந்திருந்தார். ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் கூடாரம் பண்ணிப் பிழைத்த தம்பதி. ஜெபஆலயத்தில் அவர் பேசியதைக் கேட்டார்கள். பிறகு அவரைத் தங்களோடு சேர்த்துக்கொண்டு, தேவனுடைய மார்க்கத்தை அதிக திட்டமாய் விவரித்தார்கள். அதற்குப் பிறகு அப்பொல்லோ அகாயாவில் விசுவாசிகளுக்கு மிகவும் உதவியாக இருந்தார் என்று அப்போஸ்தலர் 18-இல் வாசிக்கிறோம்.

ஆகவே சகோதரரே, இந்த வாரம் ஒரு நாள் தம்பியையும் அழைத்துக்கொண்டு அந்த நான்கு பேரில் ஒருவர் வீட்டுக்குப் போங்கள். தம்பி பிரசங்கிக்க நினைத்திருப்பதை முதலில் அங்கே சொல்லட்டும். நீங்களும் கூடவே உட்கார்ந்து கேளுங்கள்.