வங்கிக் கணக்கில் குறிப்பு எதுவும் இல்லாமல் பணம் வந்தால் யார் போட்டது என்று கண்டுபிடிப்பது எப்படி?

நீங்கள் ஹாஸ்டலோ டியூஷனோ நடத்துகிறவர் என்று நினைக்கிறேன். ஒரே தொகையை ஒரே வாரத்தில் முப்பது பேர் போடுவார்கள், அதில் பாதிப் பேர் யாரென்றே தெரியாது. அதுதானே உங்கள் பிரச்சினை? இல்லையென்றாலும் பரவாயில்லை. எனக்கு இது பழைய புண், சொல்லிவிடுகிறேன்.

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் வீட்டிலேயே சமைத்து கேரியர் அனுப்புகிறேன். 38 வீடு. எல்லாம் வயதானவர்கள், பிள்ளைகள் சென்னை, சிங்கப்பூர், பிரான்ஸ் என்று இருக்கிறார்கள். மதியச் சாப்பாடும் ராத்திரி டிபனும் சேர்த்து மாதம் 4,500 ரூபாய். சாப்பிடுகிறவர் ஒருவர், பணம் போடுகிறவர் இன்னொருவர். சிக்கல் அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது.

ஜிபேயில் வந்தால் ஒரு பெயராவது தெரியும். ஆனால் சாப்பிடுவது மாமியார், பணம் வருவது மருமகன் நம்பரிலிருந்து. என் பட்டியலில் சுரேஷ் மட்டும் நான்கு பேர். நெஃப்ட், அதாவது ஒரு வங்கிக் கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு நேராக அனுப்புவது என்றால் இன்னும் மோசம். அனுப்புகிறவர் குறிப்பு எழுத இடம் இருக்கிறதுதான், ஆனால் எழுதியது நம் பாஸ்புக்கில் அச்சாகும் என்று எந்த உறுதியும் இல்லை. என் பாஸ்புக்கில் நெஃப்ட் என்ற சொல், ஒரு நீளமான எண், பிறகு பாதியில் வெட்டுப்பட்ட ஒரு பெயர். அவ்வளவுதான். கிளையில் கேட்டால் மூலையில் நிற்கும் பிரின்டிங் மெஷினைக் கையால் காட்டுவார்கள்.

2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல். ராத்திரி எங்கள் ஊர் பக்கத்தில்தான் கரை கடந்தது, கடந்த பிறகும் நகராமல் நின்றுகொண்டு கொட்டியது. ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. ரெயின்போ நகரில் வீட்டுக்குள் தண்ணீர். கரண்ட் இல்லை, போனில் சார்ஜ் இல்லை. கேரியர் எடுத்துப்போகும் தம்பி இடுப்பளவு தண்ணீரில் தலையில் வைத்துக்கொண்டு போனான். வெளியூரில் இருக்கிற பிள்ளைகளுக்கு இங்கே போன் போகவில்லை என்றதும் பயம். என்ன செய்வார்கள், பணம் அனுப்பினார்கள். ஒருவர் ஐயாயிரம், ஒருவர் ஆறாயிரம், தண்ணீர் கேன் வாங்கிக் கொடுங்கள் என்று ஒருவர். மூன்று நாள் கழித்து போன் உயிர் பெற்றபோது மெசேஜ் எல்லாம் ஒரே மூச்சில் வந்து கொட்டியது. பெயர் தெரியாததை எல்லாம் நோட்டில் 'யாரோ' என்று ஒரு பக்கம் போட்டு எழுதி வைத்தேன்.

அந்தப் பக்கத்தில் ஒரு வரி: 8,874 ரூபாய், நெஃப்ட், பணம் அனுப்பும் கம்பெனி ஒன்றின் பெயர். அது 4,500ம் இல்லை, 9,000மும் இல்லை. எந்தக் கணக்கிலும் ஒட்டவில்லை.

குருசுக்குப்பம் பக்கம் ஒரு பெரியம்மா. அவர் வீட்டுக்காரர் சொல்தா, அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர், காலமாகிவிட்டார். மகன் பாரிஸ் பக்கத்தில் இருக்கிறான். பெரியம்மா மாதக் கடைசியில் நோட்டாக எண்ணித் தருவார், ஒருநாள் தள்ளியதில்லை. புயலில் நவம்பர் பணம் வரவில்லை, சரி என்று விட்டேன். டிசம்பரும் வரவில்லை. ஜனவரி மூன்றாம் தேதி நானே போனேன். பக்கத்து வீட்டுக்காரம்மா வாசலில் கோலத்தைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார். நான் சாதாரணமாகத்தான் கேட்டேன், "பெரியம்மா, ரெண்டு மாசம் பாக்கி இருக்கே?"

இதைப் படிக்கிறவர்கள் "போனில் கேட்டிருக்கலாமே" என்று எழுதுவீர்கள். அவருக்குக் காது சரியாகக் கேட்காது. மளிகைக் கடைக்காரர் எனக்குக் கடன் தருவதும் இல்லை. இருந்தாலும் வாசலில் கேட்டது தப்பு, ஒத்துக்கொள்கிறேன்.

பெரியம்மா ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய் பதினெட்டு ஐந்நூறு ரூபாய் நோட்டு எடுத்துவந்து என் கையில் வைத்தார். மறுநாள் கேரியர் பளபளவென்று தேய்த்துக் கழுவித் திரும்பி வந்தது, உள்ளே ஒரு சீட்டு: நாளையிலிருந்து வேண்டாம்.

(கழுவி என்றதும் ஞாபகம் வருகிறது. 38 வீட்டில் கேரியரைக் கழுவி அனுப்புகிறவர்கள் ஆறு பேர். மூடி தொலைக்கிறவர்கள் எத்தனை பேர் என்று கேட்காதீர்கள். குழம்பு அடுக்கின் மூடி மட்டும் எப்படித் தொலையும்? அதை வைத்து என்ன செய்கிறார்கள்? தனி மூடி எந்தப் பாத்திரக் கடையிலும் கிடைப்பதில்லை, முழு செட்டும் வாங்க வேண்டியிருக்கிறது. இதை நான் யாரிடமும் கேட்டதில்லை. மூடியைக் கேட்க வெட்கப்படுகிறவள், பணத்தை மட்டும் வாசலில் நின்று கேட்டிருக்கிறேன்.)

மூன்று வாரம் கழித்து மகன் பிரான்சிலிருந்து கூப்பிட்டான். "அக்கா, அம்மா ஏன் பன்னும் டீயுமா இருக்காங்க? நான்தான் புயலப்பவே நூறு யூரோ அனுப்பினேனே?" எனக்குக் கை நடுங்கிவிட்டது. அம்மா மழையில் ஏடிஎம் போக வேண்டாம், நானே போட்டுவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறான். ஆகவே அந்தம்மா பணம் வந்துவிட்டது என்றே இருந்திருக்கிறார். யூரோவை ரூபாயாக்கி, கழிவு போக வந்ததுதான் அந்த 8,874. குறிப்பு எழுதவில்லையா என்று கேட்டேன். எழுதினானாம்: அம்மா சாப்பாடு, டிசம்பர். அவன் செயலியில் அது இன்னமும் இருக்கிறது. ஆனால் அங்கே அவனிடம் யூரோவை வாங்கிக்கொள்ளும் கம்பெனி, இங்கே இந்திய வங்கிக் கணக்கு ஒன்றிலிருந்து புதிதாக ஒரு நெஃப்ட் போடுகிறது. அந்த இடத்தில் அவன் பெயரும் போயிற்று, குறிப்பும் போயிற்று. ஈஃபில் கோபுர டிக்கெட்டுக்கு யுபிஐயில் பணம் கட்டலாம் என்று 2024 பிப்ரவரியில் பெருமையாகச் செய்தி வந்தது. அதே ஊரிலிருந்து ஒரு பிள்ளை அம்மா சாப்பாட்டுக்குப் பணம் போட்டால் அவன் பெயர் முத்தியால்பேட்டைக்கு வந்து சேரவில்லை.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். பாஸ்புக்கை நம்பாதீர்கள், முழு ஸ்டேட்மென்ட் எடுங்கள். நெஃப்டில் யுடிஆர் என்று 16 எழுத்தும் எண்ணும் கலந்த ஒன்று இருக்கும். முதல் நான்கு எழுத்து பெரும்பாலும் அனுப்பிய வங்கியைக் காட்டிவிடும். ஐஎம்பிஎஸ் (உடனே போய்ச் சேரும் வங்கி முறை), யுபிஐ என்றால் 12 இலக்க எண். "போட்டுட்டேன்" என்கிறவரிடம் ஸ்கிரீன்ஷாட் கேட்காமல் இந்த எண்ணைக் கேளுங்கள். மகன் செயலியிலிருந்து எடுத்துச் சொன்ன எண்ணும் என் ஸ்டேட்மென்ட் எண்ணும் பொருந்திய பிறகுதான் எனக்கே நிச்சயமானது. பணம் வந்த நேரத்தை வைத்தும் முடிவு கட்டாதீர்கள். நெஃப்ட் 2019 டிசம்பரிலிருந்து இரவு பகல் எல்லா நாளும் ஓடுகிறது, ஆனால் அரை மணிக்கு ஒரு தொகுப்பாகத்தான் போகிறது.

வாட்ஸப் குழுவில் தொகையைப் போட்டு "இது யாருடையது?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். நான் ஒருமுறை 5,000 என்று போட்டேன், இரண்டு பேர் தன்னுடையது என்றார்கள். தொகையைச் சொல்லாமல், எவ்வளவு போட்டீர்கள், எந்தத் தேதி, எந்த எண் என்று அவர்களைச் சொல்லவிடுங்கள். தெரியாதவர் யாராவது கூப்பிட்டு, தவறிப்போய் உங்களுக்குப் போட்டுவிட்டேன், திருப்பி ஜிபே பண்ணுங்கள் என்றால் நீங்களாக அனுப்பாதீர்கள். முதலில் பணம் உண்மையிலேயே வந்ததா என்று கணக்கில் பாருங்கள். வந்திருந்தால் வங்கி வழியாக வரச் சொல்லுங்கள்.

நிரந்தர வழி என் அக்கா மகன் சொன்னது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு எண் கொடுத்து, கட்டணத்தை 4,450 ஆக்கி, கூட அந்த எண்ணையும் சேர்த்துப் போடச் சொல்லிவிட்டேன். எட்டாம் எண் 4,458, இருபத்து மூன்றாம் எண் 4,473. குறிப்பு தொலையலாம், தொகை தொலையாது. இரண்டு மாதம் சேர்த்துப் போட்டாலும் பிடித்துவிடலாம்: 8,946 வந்தால் 8,900 போக 46, அதில் பாதி 23. வெளிநாட்டுப் பிள்ளைகளிடம் யூரோ தொகையைப் போடாதீர்கள், இங்கே எவ்வளவு ரூபாய் சேர வேண்டும் என்பதைப் போடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். பல செயலிகளில் அந்த வசதி உண்டு. சில்லறையை நான் அடித்துக்கொள்கிறேன் என்று கிளம்பிவிடாதீர்கள், யாருக்கும் 4,500ஐத் தாண்டவில்லை. ஆனாலும் 36ஆம் எண் வாத்தியார், ஒன்றாம் எண்ணைவிட நான் ஏன் 35 ரூபாய் கூடக் கொடுக்க வேண்டும் என்று இன்றும் கேட்கிறார்.

பெரிய கம்பெனிகளுக்கு வாடிக்கையாளருக்கு ஒன்றாகத் தனித்தனிக் கணக்கு எண்ணே வங்கி கொடுக்கிறது. எங்களைப் போன்றவர்களை யார் சீந்துகிறார்கள்? நெஃப்ட் அனுப்பும்போது வாங்குகிறவர் பெயரைச் சரிபார்க்கும் வசதியை 2025 ஏப்ரலுக்குள் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொன்னது, நல்லதுதான். அதுவும் அனுப்புகிறவருக்கு. வாங்குகிறவர் நோட்டில் 'யாரோ' என்று எழுதிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

கூட வாங்கிய அந்த 9,000ஐ எடுத்துக்கொண்டு பெரியம்மா வீட்டுக்குப் போனேன். எண்ணிப் பார்த்து, மகன் அனுப்பியதில் 9,000க்குக் குறைகிற 126 ரூபாயைப் பிரித்து என்னிடமே கொடுத்தார். "பணம் வந்துச்சான்னு என்னைக் கேட்டிருக்கலாம்ல? பாக்கின்னு சொல்லிட்டியே" என்றார். பிப்ரவரி பாதியில் கேரியர் மறுபடி போக ஆரம்பித்தது. மகன் அனுப்ப வேண்டாமாம், கையில்தான் தருகிறார். ஒவ்வொரு மாதமும் கடைசி நாள் காலிக் கேரியரின் மேலடுக்கில் ஒரு கவர் வரும். அதன்மேல் அவர் பெயர், தெரு, மாதம், தொகை, எத்தனை நோட்டு என்பது வரைக்கும் எழுதியிருக்கும். அவருக்கு மட்டும் நான் எண் கொடுக்கவில்லை.